ஆட்டுக் காலடி பட்ட கிரகம்

நீங்களே நடுவராக இருந்து சொல்லுங்கள் அக்கா. ஒரு பட்டிமன்றத்தில், மேடை ஏறி உட்கார்ந்த பிறகு, ஒருத்தி தன் அணியை விட்டு எழுந்து எதிரணிப் பக்கம் போய் நின்று பேசினால் அதற்கு என்ன பெயர்? துரோகம் என்று நான் சொல்கிறேன். வேறு சொல் இருந்தால் கொடுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

சத்தமாகப் பேசுகிறேனா? இந்தத் திருநெல்வேலி பஸ்ஸில் பாட்டை இவ்வளவு அலறவிட்டால் வேறு எப்படிப் பேசுவதாம்? ஹாஸ்டலிலும் இதையேதான் சொல்வார்கள். "உமையாள் சாம்பார் கேட்டாக்கூட மைக்கைப் பிடிச்சுக் கேக்குற மாதிரி இருக்கும்" என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். நீங்கள் கோவில்பட்டியா? நான் சாத்தூரில் இறங்கிவிடுவேன். சொந்த ஊர் இல்லை, எனக்குக் காரைக்குடிப் பக்கம். சாத்தூரில் ஒருத்தியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "ஏன்டி போனே?" அவ்வளவுதான். கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன்.

அவள் பெயர் பொன்செல்வி. மதுரையில் எம்.ஏ. பொருளாதாரம், ரெண்டாவது வருடம். ஒரே வகுப்பு, ஒரே அறை. இரண்டு வருடமாக நான் பேசிப் பேசிப் பார்ப்பதை முதலில் கேட்கிறவள் அவள்தான். கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கேட்பாள். "இந்த இடத்துல இடறுதுடி" என்பாள். எங்கே இடறுகிறது என்று சரியாகச் சொல்வாள். அது ஒரு தனித் திறமை. ஒத்துக்கொள்கிறேன். எதிரியாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்வேன்.

இன்றைக்கு ஒரு படம் வந்திருக்கிறதே, பார்த்தீர்களா, வழியெல்லாம் போஸ்டர்? "பதினோராம் கோள்." விண்வெளிப் படம், நானூறு கோடி ரூபாய்ச் செலவு. டீசர் வந்த நாளிலிருந்து எங்கள் கேன்டீனில் இதே பேச்சு. ஓடும் என்று பாதிப் பேர், கவிழும் என்று பாதிப் பேர். எங்கள் துறை விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கலாம் என்றபோது நான்தான் சொன்னேன், பெண்ணா ஆணா, அன்பா பணமா என்று இன்னும் எத்தனை காலத்துக்குப் பேசுவது, இதைப் பேசுவோம் என்று. "நானூறு கோடிப் படம் வெற்றி பெறுமா, தோல்வி அடையுமா?" அணிக்கு மூன்று பேர். தோல்வி அடையும் என்கிற அணிக்கு நான் தலைவி. இரண்டாவது பொன்செல்வி. மூன்றாவது டேவிட் இன்பராஜ், சிரிக்க வைப்பதற்கு ஒருத்தன் வேண்டுமே.

ஆறு காரணம் வைத்திருந்தேன் அக்கா. ஆறும் கையால் எழுதியது. போட்ட பணம் திரும்ப வர வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் இருக்கிற பாதிப் பேர் இரண்டு முறை பார்க்க வேண்டும், இது முதல் காரணம். ஹீரோ முக்கால்வாசிப் படம் ஹெல்மெட்டுக்குள் இருக்கிறார், முகத்தை மூடி வைத்த ஹீரோவுக்கு எவன் விசில் அடிப்பான், இது இரண்டாவது. நீங்கள் சிரிக்கிறீர்கள், பாருங்கள்! பொன்செல்வியும் இதற்குச் சிரித்தாள். இப்படி ஆறு. எல்லாம் படித்து, யோசித்து எழுதியது.

ஏழாவது ஒன்று வந்தது. அது எழுதியது இல்லை.

அவளுக்கு ஒரு அண்ணன். முத்தரசு. சென்னையில், சாலிகிராமத்தில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை. என்ன வேலை தெரியுமா? கயிறு அழிக்கிற வேலை. ஹீரோ அந்தரத்தில் மிதக்கிறார் இல்லையா, அவரைக் கயிறு கட்டித்தான் தொங்கவிடுவார்கள். அந்தக் கயிறு படத்தில் தெரியாமல், ஒவ்வொரு பிரேமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்துநாலு பிரேம். இந்தப் படத்துக்கு மட்டும் எட்டு மாதம் அழித்திருக்கிறார். இதற்கு முன்னால் நாலு படம் செய்தார், ஒன்றிலும் பெயர் போடவில்லை. இதில் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான பெயர் ஓடுமே, அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக அவர்கள் அம்மா தெருவுக்கே டிக்கெட் எடுத்து வைத்தார்கள். முப்பத்திரண்டு டிக்கெட். முதல் நாள், முதல் காட்சி, சாத்தூரில்.

போன மாதம் அவர் ஊருக்குப் போகிற வழியில் ஹாஸ்டலுக்கு வந்தார். வார்டன் பார்த்துக்கொண்டே இருக்கிற அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தோம், மூன்று பேரும். அவருக்குக் கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. போனில் டீசரைக் காட்டி, "இந்தக் கிரகத்தோட தரை எந்த இடம்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். ராஜஸ்தான் என்றேன். ஐஸ்லாந்து என்றேன். மனிதர் சிரிக்கிறார், சிரிக்கிறார். "எங்க ஊர் கண்மாய்மா" என்றார். டைரக்டர் பதினாலு மாதிரித் தரையை வேண்டாம் என்று தள்ளிவிட்டாராம். இவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாயைப் போனில் நூறு படம் எடுத்துக்கொண்டுபோய், வண்ணம் மாற்றி வைத்தாராம். டைரக்டர் பார்த்த உடனே, "இதான்யா வேற உலகம்" என்றாராம்.

அப்புறம் ஓர் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஆட்டுக் குளம்புத் தடம் அக்கா! சின்னதாக, இரண்டு பிளவாக. "அழிச்சிருக்கலாம். எட்டு மாசமா அழிச்சுக்கிட்டேதான் இருக்கேன். இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். யாருக்கும் தெரியாது" என்றார். கிளம்பும்போது, "ரிலீஸ் வரைக்கும் வெளிய சொல்லிடாதீங்கம்மா" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் தங்கச்சியைப் பார்த்துத்தான் சொன்னார். இது முக்கியம். நான் வாக்குக் கொடுத்தேனா? கொடுக்கவில்லை. தலையாட்டினேனா என்றால், ஆட்டியிருக்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போது எல்லாரும்தான் தலையாட்டுகிறோம்.

பட்டிமன்றத்தன்று அரங்கம் நிறைந்துவிட்டது. தலைவி என்பதால் முதலில் நான். ஆறு காரணத்தையும் சொன்னேன். கைதட்டல் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் சோற்றுக்கு உப்புக் குறைந்த மாதிரி ஒரு கைதட்டல். நடுவர் மணி மேல் கையை வைத்துவிட்டார். உங்களுக்குத் தெரியாது அக்கா, அந்த மணி அடிப்பதற்கு முன்னால் இருக்கிற அரை நிமிஷம் இருக்கிறதே, அதில் பேசுகிறவள் நான் இல்லை. வாய் தானாகப் போகும். "நடுவர் அவர்களே! பல கோடி மைல் தாண்டி, மனிதக் காலே படாத கிரகத்தில் நம் ஹீரோ இறங்குகிறார். அங்கே அவருக்கு முன்னால் இறங்கியது யார் தெரியுமா? சாத்தூர்ப் பக்கத்து வெள்ளாடு! டீசரை நிறுத்தி, இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆட்டுக் காலடி பட்ட கிரகத்துக்கு நானூறு கோடியா?"

அரங்கம் இடிந்து விழுந்தது. அங்கேயே போனை எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள், விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நடுவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் முத்தரசண்ணன் பெயரைச் சொன்னேனா? கம்பெனி பெயரைச் சொன்னேனா? ஒன்றும் சொல்லவில்லை. சாத்தூர் என்றேன். சாத்தூர் என்ன ஒரு வீடா?

எதிரணித் தலைவர் பேசி முடித்தார். அடுத்தது பொன்செல்வி. நடுவர் பெயரைக் கூப்பிட்டார். எழுந்தாள். எங்கள் பக்கத்து மைக் அவளுக்கு இரண்டடி தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனாள். நடுவர் மேசைக்கு முன்னால் நடந்து, அந்தப் பக்கம் போய், எதிரணி மைக்கைப் பிடித்தாள். "நடுவர் அவர்களே, நான் அந்த அணியில பேசறதாத்தான் இருந்துச்சு. இப்ப இங்கதான் பேசப்போறேன்" என்றாள்.

டேவிட் என் கையைக் கிள்ளி, "தலைவி, ஏதாவது செய்யி" என்கிறான். என்ன செய்ய? அணி மாறுவதற்கு எதிராக விதியே கிடையாது, ஏனென்றால் இதுவரை எந்த மனுஷியும் மாறியதில்லை!

என்ன பேசினாள் என்கிறீர்களா? சொல்கிறேன், எனக்கு மறைக்கத் தெரியாது. கயிற்றைப் பற்றிப் பேசினாள். "மிதக்கிறவரைப் பார்த்துக் கைதட்டுவீங்க. கயிறு இருந்தது உங்களுக்குத் தெரியாது. தெரியாம இருக்கறதுக்காக ஒருத்தர் எட்டு மாசம் கண்ணைக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தப் படம் ஓடும். ஓடணும்" என்றாள். ஒரு புள்ளிவிவரம் இல்லை. ஒரு சிரிப்பு இல்லை. தலைப்பு ஓடுமா என்பதுதான், ஓட வேண்டுமா என்பது இல்லையே! ஆசை ஒரு வாதமா? ஆனால் நடுவர் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பின்வரிசையில் இரண்டு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அழவைத்து வாங்குகிற தீர்ப்பு ஒரு தீர்ப்பா?

வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "நீ பேசினதை எங்கயும் போட்டுடாதடி." கேட்கவில்லை, சொன்னாள். கட்டளை! அணியை விட்டுப் போனவளுக்கு, அந்த அணி பேசியதைப் பற்றி என்ன உரிமை இருக்கிறது?

மறுநாள் காலையில் அந்த வீடியோ இணையத்தில் வந்துவிட்டது. யார் போட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

சரி, நான்தான் போட்டேன். என் பேச்சு, என் முகம், என் போன். வேறு யார் போடுவார்கள்? இரண்டு நாளில் பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்ட ஆடு, கொடி நடுகிற ஆடு, கவுண்ட்டவுன் சொல்கிற ஆடு என்று படம் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். எடுத்தேன் அக்கா, நானாகத்தான் எடுத்தேன்.

அந்தத் தரையைக் கொண்டுவந்த சாத்தூர்க்காரர் முத்தரசண்ணன் ஒருவர்தான் என்பதால், கம்பெனியில் ஆளைத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. நான் அவருக்குப் போன் செய்தேன். செய்தேன், ஓடி ஒளியவில்லை. என் பக்க நியாயத்தை ஐந்து விஷயமாகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவர் திட்டவில்லை. "பரவாயில்லம்மா. நல்லாத்தான் பேசியிருந்தே. எங்க சூப்பர்வைசரே நாலு தடவை போட்டுப் பார்த்தாரு" என்றார். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெயரையும் எடுத்துவிட்டார்களாம். "படம் ஓடுச்சுன்னா திரும்பக் கூப்பிடுறேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு. படுத்துச்சுன்னா, உன்னாலதான்னு ஊரே சொல்லும், இந்தப் பக்கம் வராதேன்னுட்டாரு" என்றார். "அம்மாவுக்கு இன்னும் சொல்லல. பேரு கடைசில வேகமா ஓடும், நாமதான் கவனிக்கலன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்" என்றார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் அக்கா. ஐந்து விஷயம் வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து பார்க்கிறேன், அவள் பக்கத்துக் கட்டில் வெறும் பலகையாக இருக்கிறது. மாடியில் வேறு அறைக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கெட்டில் வாங்கியிருந்தோம். அதைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். மூன்று வாரம் ஆகிறது. மெஸ்ஸில் என் வரிசையில் நிற்பதில்லை. நான் வகுப்பில் பேச எழுந்தால் நோட்டில் ஏதோ எழுத ஆரம்பித்துவிடுகிறாள். இதில் ஏமாற்றப்பட்டது யார்? மேடையில், நூறு பேருக்கு முன்னால், தனியாக விடப்பட்டது யார்? அவள் அண்ணனுக்கு நடந்தது வருத்தம்தான். வருத்தம் வேறு, நியாயம் வேறு. கோபம் இருந்தால் அறைக்கு வந்து என்னை நாலு அறை அறைந்திருக்கலாமே. அணி மாறலாமா?

விருதுநகர் தாண்டிவிட்டோமா? சரி, சரி.

என்ன கேட்டீர்கள்? படம் ஓடுமா என்றா? இந்தக் கேள்வியைத்தான் ராத்திரியிலிருந்து யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று இருக்கிறேன். நீங்கள் ஒருத்தர். கவிழும் என்று மேடையில் சொன்னவள் நான். காலையில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போஸ்டருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது அக்கா. என் வாதம் தோற்பதைப் பார்த்து எனக்கே நிம்மதி! இப்படியும் ஒரு கேவலம் உண்டா?

போன் அடிக்கிறது. ஒரு நிமிஷம். டேவிட்தான், மதுரையில் முதல் காட்சிக்குப் போயிருக்கிறான். சொல்லுடா... கேக்கல, கத்திச் சொல்லு... என்ன? எல்லாருமா?... சரி... சரிடா, வைக்கிறேன்.

இடைவேளையாம்.

ஹீரோ அந்தக் கிரகத்தில் கால் வைத்ததும் தியேட்டர் முழுக்க "மே... மே..." என்று கத்தினார்களாம். வசனமே கேட்கவில்லையாம். சென்னையிலும் அப்படித்தானாம், கோயம்புத்தூரிலும் அப்படித்தானாம். பாதிப் பேர் இடைவேளையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். "நீ ஜெயிச்சுட்டே தலைவி" என்கிறான். ட்ரீட் கேட்கிறான்.

நான் சொன்னேன் இல்லையா? ஆறு காரணம் சொன்னேன். ஹெல்மெட்டுக்காகக் கவிழலாம் இல்லையா? கதை சரியில்லாமல் கவிழலாம். நானூறு கோடிக்காகவே கவிழலாம். ஆறு காரணம் இருக்கும்போது ஏழாவதை மட்டும் பிடித்துக்கொண்டு... ஹெல்மெட்டுக்கு யாராவது சிரித்தார்களா என்று டேவிட்டிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டேன்.

இருங்கள், அவளைக் கூப்பிடுகிறேன். மூன்று வாரமாக எடுக்கவில்லை. இப்போதும் எடுக்க மாட்டாள், பாருங்கள்.

எடுத்துட்டா.

பொன்னி? நான்தான்டி... பஸ்ல வந்துக்கிட்டு... ஆமா, சாத்தூருக்குத்தான்... என்னடி சத்தம் அங்க?... இல்ல, நான் என்னன்னு சொல்றது... பொன்னி, வேணாம், குடுக்காத... அம்மா... ஆமாம்மா, உமையாள்தான்... சாப்பிட்டேன்மா... சரிம்மா... சரிம்மா.

இல்லை அக்கா, திட்டவில்லை. யாருமே திட்ட மாட்டேன் என்கிறார்கள். "அம்மா கேக்குறாங்கடி, நம்ம கண்மாய் எவ்வளவு அழகா வருது, அதுக்கு ஏன் எல்லாரும் ஆடு மாதிரிக் கத்துறாங்கன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. நீதான் நல்லாப் பேசுவியே, நீயே சொல்லு" என்று போனை அம்மா கையில் கொடுத்துவிட்டாள்.

அம்மா அதைக் கேட்கவே இல்லை. "உமையாளா? வர்றியாமே? நல்ல நாள்லதான்மா வர்றே. வாசல் நிலை மேல சாவி இருக்கு, எடுத்துத் திறந்து உள்ள இரு. கடைசில அண்ணன் பேரு வரும், அத ஒண்ணைப் பாத்துட்டு வந்துடுறோம்" என்றார்கள். பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாத்தூரா? அதற்குள்ளா?

அண்ணே... கண்டக்டர் அண்ணே, இங்க. கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ஆமா, சாத்தூர்னுதான் எடுத்தேன். இப்ப கோவில்பட்டின்னு சொல்றேன்ல, குடுங்களேன்.

நீங்கள் ஏன் எழுந்து நிற்கிறீர்கள் அக்கா? வழி விட வேண்டாம். நான் இறங்கவில்லை. உட்காருங்கள்.